கோலத்துக்குப் போன பூக்கள்

9

“தெரியலையா, இல்ல தெரிஞ்சும் சொல்ல மாட்டேங்கறியா?”

ஒன்பதாம் வகுப்பில் தேவசகாயம் சார் என்னிடம் கேட்டது இது. மேசைமேல் இரண்டு பரங்கிப் பூக்களை வைத்திருந்தார். ஒன்றுக்கு நீளக் காம்பு. இன்னொன்றுக்குக் காம்பு குட்டை, பூவுக்கு அடியில் கோலிக்குண்டு அளவில் ஒரு பச்சை உருண்டை. இதில் ஆண் பூ எது, பெண் பூ எது என்று என்னை எழுப்பிக் கேட்டார்.

எனக்குத் தெரியும். ஆனால் பையன்கள் பக்கம் அதற்குள் சிரிப்பு ஆரம்பித்துவிட்டது. அந்த இரண்டு சொற்களையும் அத்தனை பேர் நடுவில் என் வாயால் சொல்ல முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டு பெல் அடிக்கும்வரை நின்றேன்.

மறுநாள் சாரே சொன்னார். ஆண் பூவின் மகரந்தம் பெண் பூவில் பட்டால்தான் அடியில் இருக்கும் உருண்டை காயாகும். படாவிட்டால் மூன்று நாலு நாளில் மஞ்சளாகி உதிர்ந்துவிடும். வண்டு வராவிட்டால் நாமே ஆண் பூவைப் பறித்துத் தடவிவிடலாம்.

அந்த வருஷம் அரைப் பரீட்சைக்கு முன்னால் அப்பா இறந்துபோனார். அம்மா அரிசி மில்லுக்குப் போக வேண்டியதாயிற்று. மாட்டையும் வீட்டையும் பார்க்க ஆள் வேண்டும் என்று என்னை நிறுத்திக்கொண்டார்கள். பள்ளிக்கூடம் போனது, பாடம் எல்லாம் போனது, அந்த இரண்டு பூ மட்டும் மனதில் தங்கிவிட்டது.

அருணா அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து இன்றோடு நாற்பத்து மூன்று நாள்.

கார்த்திகையில் ஒரு சாயங்காலம் அவள் புருஷன் வேங்கடேசன் மாமா பைக்கில் கொண்டுவந்து இறக்கிவிட்டார். விழுப்புரத்தில் பழுதான மோட்டாருக்குக் கம்பிச் சுருள் கட்டும் கடை வைத்திருக்கிறார். கடையில் வேலை அதிகம், பொங்கல் வரைக்கும் இருக்கட்டும் என்றார். அம்மா கொடுத்த தண்ணீரைக்கூட வாங்கவில்லை. அக்காவுக்குக் கல்யாணமாகி நாலு வருஷம். வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. அதனால் அம்மாவுக்கு மேற்கொண்டு கேட்கத் தேவை இருக்கவில்லை. போன பௌர்ணமிக்கு அக்காவைத் திருவக்கரைக் காளி கோயிலுக்குக் கூட்டிப்போய் எலுமிச்சம்பழ விளக்கு ஏற்றிவிட்டு வந்தாள்.

அம்மாவுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. அக்கா வந்து இறங்குவதற்கு மூன்று நாள் முன்னால் விழுப்புரத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்கு அவள்கூட நான் போயிருந்தேன். மாமாவுக்குக் கடையை விட்டு வர முடியவில்லையாம், துணைக்கு என்னை வரச் சொன்னாள். டாக்டரம்மா எல்லாத் தாளையும் புரட்டிப் பார்த்துவிட்டு, உங்களிடம் ஒரு குறையும் இல்லை, அடுத்த தடவை உங்கள் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், அவருக்கும் டெஸ்ட் பார்க்க வேண்டும் என்றார். மாமாவின் பெயரைக் கேட்டு, அந்த டெஸ்டுக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்.

பஸ் ஸ்டாண்டில் அக்கா என் கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டாள். யாரிடமும் சொல்லக் கூடாது என்றாள். அம்மாவிடம்கூட.

“அவருக்கு மானம் போயிடும் புனி. நான் பக்குவமா சொல்றேன். வருவாரு.”

அன்றைக்கே பக்குவமாகச் சொல்லியிருக்கிறாள். மூன்றாம் நாள் மாமா அவளைக் கொண்டுவந்து விட்டுவிட்டார்.

மார்கழி பிறந்ததும் அம்மா கோலத்தில் இறங்கினாள்.

எல்லா வருஷமும் போடுவதுதான். ஆனால் இந்த வருஷம் எதிர்வீட்டு ரோஜா அக்கா, என்ன முனியம்மா, மகள் இன்னும் கிளம்பவில்லையா என்று கேட்ட மறுநாளிலிருந்து கோலம் பெரிதாகிவிட்டது. வாசலை அடைத்துத் தேர்க்கோலம். நடுவில் சாணி உருண்டைகள், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு பரங்கிப் பூ. ரோஜா அக்கா வீட்டில் ஐந்து பூ. எங்கள் வீட்டில் இருபத்தொன்று. எங்கள் வீட்டில் ஒரு குறையும் இல்லை என்று தெருவுக்கு அம்மா சொன்ன பதில் அது.

பூவுக்குப் பஞ்சமில்லை. தோட்டத்தில் நான் போட்ட கொடி இருந்தது. ஆடியில் மாட்டுக் கொட்டகையின் எருக்குழிப் பக்கம் நாலு விதை ஊன்றினேன். இரண்டு முளைத்தன. ஐப்பசி மழையில் ஒன்று அழுகிப்போனது. மிஞ்சிய ஒன்று வேலியைப் பிடித்து, கொட்டகைக் கூரைமேல் ஏறி, துணி துவைக்கும் கல்லையும் மூடிக்கொண்டது. இலை ஒவ்வொன்றும் முறம் மாதிரி. இதில் இருபது காய் காய்க்கும், ஊருக்கே கொடுக்கலாம் என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள்.

காய்க்கவில்லை.

பிஞ்சு வரும். அதன் தலையில் பூ விரியும். மறுநாள் பூ வாடும். நாலாம் நாள் பிஞ்சு மஞ்சளாகும். தொட்டால் கையோடு வரும். மார்கழி பாதிக்குள் ஒன்பது பிஞ்சு அப்படி விழுந்தன.

பிஞ்சை விரல் நீட்டிக் காட்டினால் வெம்பிவிடும் என்பார்கள் எங்கள் பக்கம். காட்டத்தான் வேண்டுமென்றால் சுட்டுவிரலை மடக்கி, முட்டியால் காட்ட வேண்டும். அம்மா அதைத் தவறாமல் செய்தாள். முட்டியால் காட்டிக் காட்டி எண்ணினாள். எண்ணியவை எல்லாம் விழுந்தன. முதலில் நான்தான் வீட்டுக்குத் தூரமான நாளில் கொடிப் பக்கம் போயிருப்பேன் என்று என்னைத் திட்டினாள். பிறகு ரோஜா அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, ராசி என்று ஏதோ முணுமுணுத்தாள். அன்றைக்கு மறுநாளிலிருந்து அம்மா அக்காவுக்குக் குளிக்கத் தண்ணீரை உள்ளேயே கொண்டுவந்து வைத்தாள். தோட்டத்தில் பனி அதிகமாக இருக்கிறது, நீ அந்தப் பக்கம் வராதே என்றாள்.

பகல் பன்னிரண்டு மணிக்கும் அந்தப் பனி விலகவில்லை. அக்கா தோட்டத்துக் கதவு வரைக்கும் வந்து நின்று பார்ப்பாள். நிலைப்படியைத் தாண்ட மாட்டாள்.

காரணம் எனக்குத் தெரிந்திருந்தது. அம்மா பறித்துக்கொண்டிருந்ததெல்லாம் நீளக் காம்புப் பூ. சாணி உருண்டையில் செருக அதுதான் வாகு. பிஞ்சு வைத்த பூவைத் தொட மாட்டாள், அது பாவம். பொழுது விடிவதற்குள் கொடியில் இருக்கும் ஆண் பூ அத்தனையும் வாசலுக்குப் போய்விடும். வெயில் வந்து வண்டு வரும்போது பெண் பூ மட்டும் வாயைத் திறந்துகொண்டு தனியாக நிற்கும்.

இதை நான் அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். ஆண், பெண் என்று ஆரம்பிக்க வேண்டுமே என்று ஒரு தயக்கம். அதோடு, இதைச் சொல்லப்போனால் என் வாய் அதோடு நிற்காது என்று பயம். என் கை அக்காவின் தலைமேல் இருந்த கை.

அதனால் சொல்லாமல் ஒரு வேலை செய்தேன். பதிமூன்று நாளைக்கு முன்னால் ஒரு சாயங்காலம், மறுநாள் விரியப்போகிற பெண் மொட்டு ஒன்றையும் பக்கத்தில் ஆண் மொட்டு ஒன்றையும் சேர்த்துப் பழைய கூடையால் மூடிவைத்தேன். கூடைமேல் இரண்டு இலையை இழுத்துவிட்டேன். காலையில் அம்மா பூப்பறித்துக்கொண்டு போனபின் கூடையைத் தூக்கி, ஆண் பூவைக் கிள்ளி, இதழை உரித்து, மஞ்சள் பொடி பெண் பூவுக்குள் ஒட்டும்படி தடவினேன். பூவின் வாயை நூலால் கட்டினேன். திரும்பவும் கூடை.

நாலாம் நாள் அது மஞ்சளாகவில்லை. இன்று தேங்காய் அளவு இருக்கிறது.

இன்று போகி.

விடியற்காலையில் பழைய பாயும் துடைப்பமும் எரிந்த வாசலில் அம்மா மார்கழியின் கடைசிக் கோலத்தைப் போட்டாள். இருபத்தொரு பூ. கூடத்தில் பொங்கல் வரிசை தயாராக இருந்தது. மஞ்சள் கொத்து, பச்சரிசி, வெல்லம், ஒரு ஜோடிக் கரும்பு, மாமாவுக்கு வேட்டி, அவர் அம்மாவுக்குப் புடவை. எல்லாவற்றுக்கும் நடுவில் திண்டிவனம் சந்தையில் வாங்கிய ஒரு பெரிய பரங்கிக்காய். பத்து மணி பஸ்ஸில் அம்மாவும் அக்காவும் விழுப்புரம் போவதாக ஏற்பாடு. வரிசையோடு போனால் யாரும் வாசலில் நிறுத்திப் பேச முடியாது, நல்ல நாளில் வந்த மருமகளைத் திருப்பி அனுப்ப மாட்டார்கள், இவள் அங்கேயே இருந்துவிடலாம். இதுதான் அம்மாவின் கணக்கு. அக்காவும் அதை நம்பினாள். குளித்துவிட்டு அரக்குப் புடவை கட்டி, தலைவாரிக்கொண்டு நின்றாள். பையில் துணியை மடித்து வைத்துவிட்டாள்.

கிளம்புவதற்கு இன்னும் நேரம் இருந்தது. அம்மா அரிவாளை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள். போகிக்குக் கழிக்க வேண்டியதில் ஒன்று பாக்கி இருந்தது.

“இந்த மலட்டுக் கொடியும் இன்னியோட போவட்டும். வீட்ல கொடிய வெச்சிக்கினு சந்தையில பரங்கிக்கா வாங்கனவ நான் ஒருத்திதான்.”

சொன்ன பிறகுதான் கதவருகே அக்கா நிற்பதைப் பார்த்தாள். அக்காவின் கையில் சீப்பு நின்றுவிட்டது. அம்மா அரிவாளைப் பார்த்தாள், கொடியைப் பார்த்தாள், அக்காவை மட்டும் மறுபடி பார்க்கவில்லை. குனிந்து தண்டைப் பிடித்தாள்.

“அது மலடு இல்லம்மா” என்றேன்.

“பின்ன இன்னாடி?”

நான் இலையை விலக்கிக் கூடையைத் தூக்கினேன். அம்மா அப்படியே குந்திவிட்டாள். பச்சையில் வெள்ளைப் புள்ளி போட்டு, ஈரத்தோடு, அது மண்ணில் உட்கார்ந்திருந்தது. அம்மா சுட்டுவிரலை மடக்கி அதன் அருகே கொண்டுபோனாள். இது எப்படி என்று கேட்டாள்.

சொன்னேன். தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். ஆனால் சொல்லிவிட்டேன். எது ஆண் பூ, எது பெண் பூ, தினமும் காலையில் எது எங்கே போனது என்று எல்லாவற்றையும்.

அம்மா வாயைத் திறந்துகொண்டு கேட்டாள். பூவிலுமா இதெல்லாம் என்றாள்.

பின்னாலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. அக்கா சீப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“இருபத்தியோரு மாப்ளைங்கள வாசல்ல குந்த வெச்சிட்டு, கொடியத் திட்டிக்கினு இருந்திருக்கியேம்மா.”

அம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நாற்பத்து மூன்று நாளில் எங்கள் வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அதுதான். அம்மா அரிவாளைக் கொட்டகைக் கூரையில் செருகினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அக்காவின் பக்கம் திரும்பாமலே, குடத்தில் தண்ணீர் இருக்கிறது, இன்றைக்கு நீயே கொடிக்கு ஊற்றிவிட்டுக் கிளம்பு என்றாள்.

அக்கா நிலைப்படியைத் தாண்டினாள். புதுப் புடவை நனையும் என்று நான் சொன்னேன். நனையட்டும் என்றாள். குடத்தைச் சாய்த்து வேரடியில் மெதுவாக ஊற்றினாள்.

அப்போதுதான் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது.

வேலி இடுக்கில் எட்டிப் பார்த்தேன். சின்ன யானை என்கிற குட்டிச் சரக்கு வண்டி ஒன்று, அதன் பின்னால் மாமாவின் பைக். அம்மாவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. அவர்களே கூப்பிட வந்துவிட்டார்கள், காபிக்குத் தண்ணீர் வை என்று என்னிடம் சொல்லிக்கொண்டே ஓடினாள். அக்கா குடத்தை வைத்துவிட்டுப் புடவையைத் தட்டிச் சரிசெய்தாள். நெற்றியில் பொட்டு நேராக இருக்கிறதா என்று என்னைக் கேட்டாள். நேராகத்தான் இருந்தது.

நாங்கள் வாசலுக்கு வந்தபோது அம்மா அசையாமல் நின்றுகொண்டிருந்தாள். வண்டி கோலத்தின்மேல் ஏறி நின்றிருந்தது. சாணியும் பூவும் சக்கரத்துக்கு அடியில் நசுங்கிக் கிடந்தன. வண்டிக்குள் அக்காவின் பீரோ. அதன் கண்ணாடியில் எங்கள் வீடும் நாங்கள் மூன்று பேரும் தெரிந்தோம். பீரோவுக்குப் பின்னால் கட்டில். அதன்மேல் அண்டா, குத்துவிளக்கு, ஒரு மூட்டை பாத்திரம்.

டிரைவர் பக்கத்திலிருந்து தையல்நாயகி அத்தை இறங்கினாள். மாமாவின் அம்மா. வாய் ஓயாதவள் என்று விழுப்புரத்தில் அவள் தெருவே சொல்லும். பஸ்ஸில் ஏறினால் இறங்குவதற்குள் கண்டக்டரின் குடும்பக் கதையைக் கேட்டு முடித்து, அவருக்குப் புத்தியும் சொல்லிவிடுவாள். இறங்கும்போதே பேசிக்கொண்டு இறங்கினாள்.

“தப்பா எடுத்துக்காத முனியம்மா. நீ குடுத்ததுல ஒரு கரண்டிகூட நாங்க வெச்சிக்கல. போகியும் அதுவுமா, பழச வெச்சிக்கினு புதுசு பாக்க முடியாது பாரு.”

காணை ஊர்ப் பக்கம் மாமாவுக்குப் புதிதாக ஒரு பெண் வீடு வந்திருக்கிறதாம். தை பிறந்ததும் போய்ப் பார்க்கப் போகிறார்களாம். பெரியவர்களை வைத்துக்கொண்டு எழுத வேண்டியதை எழுதிக்கொள்ளலாம், சண்டை வேண்டாம், உன் மகள் நல்ல பெண்தான், அவள்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை என்றாள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். அம்மா நல்ல நாள் என்றாள், வரிசை எடுத்து வைத்திருக்கிறேன் என்றாள், உள்ளே வந்து ஒரு வாய் காபி குடியுங்கள் என்றாள். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் கையைக் கூப்பிக் கூப்பிச் சொன்னாள்.

மாமா எங்கள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. டிரைவரோடு சேர்ந்து பீரோவைச் சாய்த்து இறக்கித் தெருவிலேயே வைத்தார்.

அதற்குள் அத்தையின் கால் நசுங்கிய சாணியில் பதிந்துவிட்டது. தண்ணீர் எங்கே என்று கேட்டாள். நான் தோட்டத்துக்குக் கூட்டிப்போய்ச் சொம்பில் மொண்டு ஊற்றினேன். காலைக் கழுவிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். கூடையை நான் மூடாமல் விட்டுவிட்டேன்.

“அடியே, ஒண்ணு புடிச்சிருக்குதே.”

குரல் சட்டென்று வேறாகிவிட்டது. சுட்டுவிரலை மடக்கி, முட்டியால் காட்டினாள். கண் பட்டுவிடும், மூடிவை என்றாள். அடியில் வைக்கோல் வை, மண் ஈரத்தில் அழுகிவிடும் என்றாள். சொல்லிவிட்டுக் குனிந்து அவளே கூடையை எடுத்து, பிஞ்சின் காம்பு அடிபடாமல் பக்குவமாக மூடினாள்.

வாசலுக்குத் திரும்பினாள். அக்கா பீரோவின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அம்மா அவளைக் கும்பிடச் சொல்லித் தள்ளினாள். நாலு வருஷம் உங்கள் வீட்டில் விளக்கேற்றியவள், இன்னும் ஒரு வருஷம் பாருங்கள் என்று கெஞ்சினாள். ரோஜா அக்கா எதிர்வாசலில் வந்து நின்றுவிட்டாள்.

“இன்னொரு வருசம் பாத்தா மட்டும்? இவ வயித்துல எதுவும் தங்காதுன்னு டாக்டரே சொல்லிட்டாராமே.”

சொல்லும்போது அத்தையின் விரல் நேராக நீண்டது. ஒரு தேங்காய் அளவு பிஞ்சுக்காக மடங்கிய அதே விரல், என் அக்காவின் வயிற்றுக்கு எதிரே நீட்டியபடி நின்றது.

அக்கா மாமாவைப் பார்த்தாள். மாமா கட்டிலின் கயிற்றை அவிழ்க்கப் போனார்.

அக்கா ஒன்றும் சொல்லப்போவதில்லை என்று எனக்குத் தெரிந்தது. அவளாகச் சொன்னால் மாமாவின் மானம் போய்விடும். இத்தனைக்குப் பிறகும் அவள் அந்த மானத்தைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள். தெருவில் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். என் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். அவள் தலைமேல் வைத்த அதே கை.

“டாக்டரு அப்பிடிச் சொல்லல, அத்தே.”

என் குரல் எனக்கே கேட்கவில்லை. அம்மாவுக்குக் கேட்டுவிட்டது. வாயை மூடு என்றாள். நான் இன்னொரு தடவை, கொஞ்சம் உரக்கச் சொன்னேன்.

“நான் கூட இருந்தேன். அக்காவுக்கு ஒண்ணும் இல்லன்னு சொன்னாங்க. மாமாவத்தான் டெஸ்டுக்கு வரச் சொன்னாங்க. கார்த்திகையிலியே.”

தெருவில் யாரோ இருமினார்கள். மாமா கயிற்றை விட்டுவிட்டுத் திரும்பினார். அவளே பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள், அவளுக்கு டாக்டர் பேசும் இங்கிலீஷ் என்ன புரியும் என்றார். சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது, ஏனென்றால் அக்கா இடுப்பிலிருந்து சாவியை எடுத்திருந்தாள்.

இந்த நாற்பத்து மூன்று நாளும் பீரோ விழுப்புரத்தில் இருந்தது, சாவி அக்காவின் இடுப்பில் இருந்தது. கொண்டுவந்தவர்கள் உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்த்திருக்க முடியாது. அக்கா நடுத்தெருவில் பீரோவைத் திறந்தாள். துணி அடுக்குக்குக் கீழே கையை விட்டு ஆஸ்பத்திரி ஃபைலை எடுத்தாள். அதற்குள்ளிருந்து அந்தச் சீட்டை உருவினாள். புருஷனைத் தாண்டிப் போய் மாமியாரின் கையில் வைத்தாள்.

என் பக்கம் அவள் திரும்பவே இல்லை. சத்தியத்தை மீறியதற்கு என்மேல் கோபமா, இல்லையா என்று இந்த நிமிஷம்வரை எனக்குத் தெரியாது.

அத்தைக்குத் தமிழ் படிக்கத் தெரியும். சீட்டு இங்கிலீஷில் இருந்தது. கண்ணுக்கு எட்டத் தள்ளிவைத்துப் பார்த்தாள். பிறகு மகனிடம் நீட்டினாள்.

“இன்னாடா எழுதியிருக்குது, படி.”

மாமா வாங்கவில்லை. வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம், நீ வண்டியில் ஏறு என்றார்.

“ஒம் பேரா இது?”

மாமாவுக்கு இங்கிலீஷ் தெரியும். மோட்டாரின்மேல் ஒட்டியிருக்கும் சின்ன எழுத்தையே படிப்பவர். தலையைக் குனிந்துகொண்டு பைக் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தெரிந்தும் சொல்லாமல் நிற்பவரின் முகம் எப்படி இருக்கும் என்று இன்றுதான் எதிரே நின்று பார்த்தேன். என் முகமும் சாருக்கு இப்படித்தான் தெரிந்திருக்கும். ஆனால் நான் சொல்லாமல் நின்றபோது யாருடைய பீரோவும் தெருவுக்கு வரவில்லை.

“அவளுக்குத்தான் கோளாறுன்னு எங்கிட்ட சொன்னியேடா” என்றாள் அத்தை. சத்தமாகச் சொல்லவில்லை. தனக்குத் தானே சொல்லிக்கொள்வதுபோல் சொன்னாள்.

டிரைவர் அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். அக்கா பீரோவைச் சாத்தினாள். பூட்டினாள்.

“அண்ணே, எறக்கனது எறங்கனதா இருக்கட்டும். கட்டில எறக்காதீங்க.”

அவ்வளவுதான் சொன்னாள். திரும்பிப் போகப் போகிறேன் என்று சொன்னாளா, அந்தக் கட்டில் எனக்கு வேண்டாம் என்று சொன்னாளா, யாருக்கும் புரியவில்லை. அம்மா என் தோளைப் பிடித்து உலுக்கினாள். குடும்பத்தை நடுத்தெருவில் கொண்டுவந்து நிறுத்திவிட்டாயே, இனி எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவர்கள் இவளைக் கூப்பிடுவார்கள் என்றாள். மகள்மேல் குறை இல்லை என்று கேட்ட பிறகும் அம்மாவின் வாயில் வந்தது அதுதான்.

நான் அத்தையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் இப்போது பேசுவாள் என்று நினைத்தேன். எங்களைத் திட்டலாம், மகனைத் திட்டலாம், அக்காவிடம் ஒரு சொல் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று சொல்லலாம். பேசுவதற்கு அவளிடம் இல்லாத சொல்லா?

அவள் கை மெல்ல எழுந்தது. மகனின் முகத்துக்கு நேரே போனது. சுட்டுவிரல் பாதி நீண்டது. பிறகு, யாரும் சொல்லாமலே, தானாகவே மடங்கியது.

மடங்கிய முட்டி கொஞ்ச நேரம் அவர் முன்னால் நின்றது.

கையை இறக்கினாள். சீட்டை நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டாள். நசுங்கிக் கிடந்த பூக்களைத் தாண்டி நடந்து, டிரைவர் பக்கத்தில் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டாள். மாமா பைக் சாவியோடு அங்கேயே நின்றார். அவரை வா என்றுகூட அவள் கூப்பிடவில்லை.

வண்டி பின்னால் நகர்ந்தது. மிச்சமிருந்த கோலத்தின்மேலும் சக்கரம் ஏறி இறங்கியது. பீரோ எங்கள் தெருவில் நிற்க, கட்டிலை ஏற்றிக்கொண்டு, அந்த வாய் ஓயாதவள் ஒரு சொல்லும் சொல்லாமல் போனாள்.